பார்க்க வருகிறவர்களும் பார்க்கப் போகிறவர்களும்

இதனை வாசிக்கும் உங்களில் அநேகர் ஏதோ ஒரு நாள் பார்க்கப்பட்டவர்கள். தறப்பாள் கொட்டிலின் முன்னால் ஒரு வாகனம் வந்து நின்றிருக்கும். நாலைந்து பேர் இறங்கியிருப்பார்கள். விதானையார் முன்னால் வர, சங்கத் தலைவர் பின்னால் வர, வந்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், பிள்ளையின் தலையைத் தடவினார்கள். ஒருவர் கமராவைத் தூக்கினார். "சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?" என்று கேட்டார்கள். "ஓம் ஐயா, கிடைக்குது" என்றீர்கள். இருபது நிமிடத்தில் புழுதி கிளம்பியது. அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் அவர்கள் எதைக் கண்டார்கள்? எதைக் காணாமற் போனார்கள்? இக்கேள்வியுடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். ஆனால் இது வந்தவர்களைப் பற்றிய முறைப்பாடு மட்டுமல்ல. நாங்களும் ஒருமுறை வாகனம் ஏறிப்போய் இன்னொருவருடைய வாசலில் இறங்கினோம். அங்கே எங்கள் முகத்தை நாங்களே பார்க்க நேர்ந்தது. அதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

தார் வீதியால் வந்தவர்கள்

ரொபேர்ட் சேம்பர்ஸ் என்பவர் பிரித்தானிய அபிவிருத்தி ஆய்வாளர். 1970களில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நெற்செய்கைக் கிராமங்களைப் பற்றி நடந்த ஆய்வில் பங்குபற்றியவர். நகரத்திலிருந்து அவசரமாக வந்து கிராமத்தைப் பார்த்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு, 1983இல் வெளியான தமது நூலில் அவர் "கிராம அபிவிருத்திச் சுற்றுலா" என்று பெயரிட்டார். இப்படி வருகிறவர்களின் கண்ணில் வறியவர்கள் படாமற் போவதற்கு ஆறு காரணங்களையும் காட்டினார். அவற்றை எங்கள் ஊர் நிலைமையோடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலாவது, வீதி. வாகனம் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரமே பார்வையும் போகிறது. ஏ9 வீதியோரக் கொட்டிலுக்கு ஆறு பேர் வருவார்கள். குளக்கட்டுக்கு அப்பால் நாலு கட்டை தூரத்தில் இருப்பவருக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, திட்டம். பெயர்ப்பலகை நாட்டிய இடத்துக்கே விருந்தாளியை அழைத்துச் செல்கிறார்கள். புதுக்கிணறு கட்டிய கிராமம் பத்துத் தடவை பார்க்கப்படும். கிணறே இல்லாத கிராமம் பார்க்கப்படுவதில்லை.

மூன்றாவது, ஆட்கள். தலைவர் பேசுவார், ஆண்கள் பேசுவார்கள், புதிய விதையை வாங்கிப் பயிரிட்டவர் பேசுவார். விதவைப் பெண் அடுக்களையில் தேநீர் வைத்துக்கொண்டிருப்பாள். காய்ச்சலில் கிடப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டார். செத்தவர் வரவே மாட்டார்.

நான்காவது, பருவம். இது கமக்காரருக்கு நன்கு விளங்கும். வன்னியில் புரட்டாதி, ஐப்பசியில் காலபோகம் விதைத்து, தை, மாசியில் அரிவு வெட்டுகிறோம். கார்த்திகை, மார்கழியில்தான் நெல் மூட்டை ஒழிகிறது. உரக்கடனும் விதைக்கடனும் கழுத்தில் நிற்கிறது. பாதை வெள்ளத்தில் கிடக்கிறது. பாம்புக் கடியும் காய்ச்சலும் வருகிறது. அந்த மாதங்களில் வாகனம் வராது. மழை ஓய்ந்து, வீட்டில் நாலு மூட்டை நெல் இருக்கும்போதுதான் வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சமாளிக்கிறார்கள்" என்று எழுதுகிறார்கள்.

ஐந்தாவது, மரியாதை. வந்தவர் கேட்கக் கூச்சப்படுகிறார். நாங்கள் சொல்லக் கூச்சப்படுகிறோம். "கிடைக்குது ஐயா" என்ற பதில் அப்படி வந்ததே.

ஆறாவது, தொழில். நீர்ப்பாசன உத்தியோகத்தர் வாய்க்காலைப் பார்க்கிறார். மருத்துவர் பிள்ளையின் எடையைப் பார்க்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வராததால்தான் பிள்ளையின் எடை குறைந்தது என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

இந்த ஆறும் கெட்ட மனதினால் வருபவை அல்ல. நல்ல மனதோடு வந்தவர்களுக்கும் இவை நேர்ந்தன. அதனாலேயே இவற்றை அறிந்திருப்பது அவசியமாகிறது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான எங்கள் மக்கள் செட்டிகுளம் முதலிய இடங்களில் முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே ஏ9 வீதி திறந்துவிட்டது. தென்பகுதியிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். நயினாதீவுக்கு வழிபட வந்தவர்கள் இருந்தார்கள். நீண்டகாலம் காணாத வடக்கைக் காண ஆசையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பதுங்குகுழிகளையும் உடைந்த வாகனங்களையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அந்த வளவுகளுக்குச் சொந்தக்காரர் இன்னும் முகாமில் இருந்தனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தமது காணிக்குள் கால்வைக்க முடியாதிருந்த காலத்திலே, காங்கேசன்துறைக் கடற்கரையில் படையினர் நடத்திய விடுதியில் விடுமுறைக்கு வந்தோர் தங்கினார்கள்.

ஒருவர் காலாறப் போகிற இடம் இன்னொருவருக்குப் பறிபோன வீடாக இருக்கலாம். இதனை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அப்படியானால், நாங்கள் பயணம் போகும்போது மற்றவர்களைவிடக் கவனமாக நடந்திருப்போம் என்று நீங்கள் எண்ணலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

நாங்கள் போனபோது

ஒரு மாசி மாதம், அரிவு வெட்டு முடிந்த கையோடு, எங்கள் பகுதிக் கமக்காரரும் மாதர் சங்கத்தினருமாக இருபத்திரண்டு பேர் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். மாடு வளர்ப்பையும் வீட்டுத் தோட்டத்தையும் பார்த்துப் படிப்பது நோக்கம். இரண்டு நாள் பயணம். பஸ்ஸில் பாட்டும் பகிடியும். மலையைக் கண்டதும் எல்லோரும் கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார்கள்.

வேலை நாளில், காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சமைப்பதற்காக மூன்று பெண்கள் மட்டும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். அன்று அவர்களுக்குப் பேர் இல்லை. அதாவது சம்பளம் இல்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே 2021ஆம் ஆண்டிலேதான். அதற்குப் பின்னர் ஓரளவு கூடியிருக்கிறது. ஒரு நாள் பேர் போவதென்றால் என்ன என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை. மாலையில்தான் தெரிந்தது.

சாயத்தண்ணி தந்தார்கள். எங்களில் சிலர், "இப்பதான் குடிச்சனாங்கள்" என்று கோப்பையைத் தொடாமல் வைத்தார்கள். அவர்கள் குடித்துவிட்டு வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் குடிக்கவில்லை என்பதும் தெரியும். ஊரில் நாங்கள் விட்டுவிட்டதாகச் சொல்லும் வழக்கம் பஸ் ஏறி எங்களோடு மலைக்கும் வந்திருந்தது.

எங்களில் ஒரு தம்பி லயத்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் மூன்று தலைமுறை. "கடவுளே, இதுக்குள்ள எப்பிடித்தான் இருக்குதுகளோ" என்று உரத்துச் சொல்லிவிட்டார். கேலியாக அல்ல, இரக்கத்தோடுதான் சொன்னார்.

உள்ளேயிருந்து ஒரு வயோதிபத் தாய் வந்தார். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்க ஆளுங்கள முகாமுல கம்பிக்குள்ள வச்சிருந்தப்போ டீவியில பார்த்தோம். நாங்களும் இதையேதான் கேட்டோம், இதுக்குள்ள எப்படித்தான் இருக்காங்களோன்னு. கேட்டுட்டு, லயத்துல வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து அனுப்பிவிட்டோம்" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை. அந்த அரிசியில் நாங்களும் சாப்பிட்டிருக்கலாம். அது எங்கிருந்து வந்ததென்று அன்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அறியாமற் கேட்ட கேள்வி

அன்றிரவு அவர்களோடு இருந்து கதைத்தோம். எங்களில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு காலம் உழைச்சும் ஏன் ஒரு துண்டுக் காணி வாங்கேல்லை?" எங்கள் ஊரில் இது சாதாரணமான கேள்வி. காணி இல்லாதவரைச் சோம்பேறி என்று நினைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு.

அவர்கள் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலே நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் அநேகர். பின்னர் கோப்பி போய்த் தேயிலை வந்தது. இவர்கள் காடு வெட்டிப் பயிராக்கிய காணி தோட்டத்துக்குச் சொந்தம். லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் பார்த்தன. சம்பந்தப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கடைசியில் சொன்னார்: "உங்களுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு காணி இருக்குன்னு சொல்றீங்க. எங்களுக்கு அந்தக் காணிதான் இன்னும் வரல."

சேம்பர்ஸ் சொன்ன ஆறும் எங்களிடமே இருந்தன என்று அப்போது உணர்ந்தோம். வாகனம் போன இடத்திலேயே நின்றோம். எங்களுக்கு வசதியான மாசி மாதத்தில் போனோம். மண்சரிவுக்குப் பயந்து நித்திரையில்லாமற் கிடக்கும் மழை மாதங்களில் போகவில்லை. அதே மாவட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தலைவர்மாரோடு பேசினோம். மாட்டையும் தோட்டத்தையும் பார்த்தோம்; மனிதரைப் பார்க்கவில்லை.

எங்களுக்குள் இருக்கும் சொல்

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். வடக்கிலே "தோட்டக்காட்டார்" என்றொரு சொல் உண்டு. அதனை எப்படிப்பட்ட குரலில் சொல்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களினால் மலையகத்தை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறின. எங்கள் வயலிலே நாற்று நட்டதும் அரிவு வெட்டியதும் அவர்கள்தாம். 2009இல் எங்களோடு சேர்ந்து ஓடியவர்களும் அவர்கள்தாம். மீள்குடியேற்றத்தின்போது காணி உறுதி இல்லையென்று வீட்டுத்திட்டத்தில் பின்தள்ளப்பட்டவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். இவ்விதழை வாசிப்போரிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இச்சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கிறோம்.

துன்பப்பட்டவர்கள் மற்றவரின் துன்பத்தை இயல்பாகவே விளங்கிக்கொள்வார்கள் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அது தானாக நடப்பதில்லை. பழக வேண்டும், படிக்க வேண்டும்.

அப்படிப் படிப்பதற்கும் வழியுண்டு. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு யூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையில் முடிந்தது. ஏறக்குறைய 250 கிலோமீற்றர். முன்னோர் நடந்த திசையிலேயே அவர்கள் நடந்தார்கள். மற்றச் சமூகத்தவரும் அதில் கூட நடந்தார்கள். ஒரு மக்களின் கதையை அறிய அவர்களோடு சேர்ந்து, அவர்களின் வேகத்தில் நடப்பது பஸ் யன்னலால் படம் எடுப்பதிலிருந்து எவ்வளவோ வேறானது.

போகுமுன்னும் போனபின்னும்

உலகச் சுற்றுலா அமைப்பு 1999இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. போகும் இடத்தைப் பற்றிப் புறப்படுமுன்பே அறிந்துகொள்வது பயணியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. பெரிய விமானத்தில் போகிறவருக்கு மட்டும் அது பொருந்துவதல்ல. பக்கத்து மாவட்டத்துக்குக் களப்பயணம் போகிறவருக்கும், தலயாத்திரை போகிறவருக்கும், இடம்பெயர்ந்து இன்னொரு ஊரில் தங்குகிறவருக்கும் பொருந்தும். எங்கள் பிழைகளிலிருந்து நாங்கள் படித்தவற்றைக் கீழே தருகிறோம்.

1. எப்போது வரலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களுக்காக யாராவது வேலையை விடுகிறார்களா என்று விசாரியுங்கள். விடுகிறார்கள் என்றால் அந்த நாட்கூலியை அவர்களின் சங்கத்தினூடாகக் கொடுங்கள். அது கூலி, தர்மம் அல்ல.

2. எத்தனை பேர் வருகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். அரிசி, பருப்பைக் கொண்டுபோய் அவர்களோடு சேர்ந்து சமையுங்கள். தருவதைச் சாப்பிடுங்கள். நோய் காரணமாகச் சாப்பிட முடியாதென்றால் காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள்.

3. அவர்கள் தங்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே நீங்களும் அழையுங்கள். "அதுகள்", "இதுகள்" என்ற பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

4. கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு இனிப்பு எறிந்து படம் எடுப்பதை அறவே விடுங்கள்.

5. வழிபாட்டிடத்தின் வழக்கத்தை முன்பே கேளுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுவது போலவே, விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதிருப்பதும் மரியாதை.

6. பெண்களோடு பெண்கள் தனியாக இருந்து பேச நேரம் ஒதுக்குங்கள். தார் வீதிக்கு அப்பால் உள்ள வீட்டுக்கும் போங்கள்.

7. துன்பத்தை ஒப்பிடாதீர்கள். "நாங்கள் பட்டதோடு பார்த்தால் இது என்ன" என்று சொல்லாதீர்கள்.

8. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். கண்டதைத் திரும்பி வந்து எழுதினால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பார்க்கப்படுகிற உங்களுக்கும் உரிமை உண்டு. "இன்றைக்கு வேண்டாம், வேறொரு நாள் வாருங்கள்" என்று சொல்லலாம். "படம் வேண்டாம்" என்று சொல்லலாம். "சாப்பாடு போதாது" என்ற உண்மையையும் சொல்லலாம். நிவாரணம் நின்றுவிடுமோ என்ற பயம் எங்களுக்குத் தெரியும். அதனால் தனியாகச் சொல்லாதீர்கள். சங்கத்தில் கூடிப் பேசி, ஒரே குரலில் சொல்லுங்கள்.

அவர்கள் வந்தபோது

பின்னர் அவர்களை எங்கள் ஊருக்கு அழைத்தோம். அவர்களுக்கு எந்த நாள் வசதி என்று கேட்டே அழைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். லயத்து வாசலில் எங்களோடு பேசிய அந்தத் தாயும் வந்திருந்தார். குளக்கட்டையும் மதகையும் காட்டினோம். புதிதாகக் கட்டிய பொதுக் கிணற்றைக் காட்டினோம். வீதியோரத்தில் நல்ல தோட்டம் வைத்திருக்கும் வீடு ஒன்றுக்கு அழைத்துப் போகப் புறப்பட்டோம்.

அவர் நின்றுவிட்டார். "இதெல்லாம் பார்த்துக்கலாம் ஐயா. இந்த ஊர்ல கடைசி வீடு எது? அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கடைசி வீடு காட்டோரத்தில், யானை வரும் பாதையில் இருக்கிறது. ஓலைக் கூரை. 1977இல் மலையகத்திலிருந்து வந்த குடும்பம் அது. அந்த வீட்டு அம்மாவும் வந்த தாயும் ஒரே பாயில் இருந்து நெடுநேரம் கதைத்தார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடைய மகள் என்று விசாரித்தார்கள். இடையில் இருவரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். அந்த அம்மா எங்களுக்கும் சாயத்தண்ணி தந்தார். இம்முறை எல்லோரும் குடித்தோம்.

அந்த வீட்டுக்கு எங்களில் அநேகர் அன்றுதான் முதல் தடவையாகப் போயிருந்தோம். அது எங்கள் வீதியிலிருந்து ஒன்றரைக் கட்டை தூரம்.

கலந்துரையாடலுக்கு

உங்கள் சங்கக் கூட்டத்தில் கீழ்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. எங்களைப் பார்க்க வந்தவர்களில் எங்களை மதித்து நடந்தவர் யார்? அவர் என்ன செய்தார்?

2. எங்கள் ஊரின் கடைசி வீடு எது? கடைசியாக அங்கே போனது எப்போது?

3. எந்தச் சமூகத்தைப் பற்றி, நேரில் பழகாமலே நாங்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறோம்? அந்த முடிவு எங்கிருந்து வந்தது?